இடைவேளை

மூன்று தவணை பாக்கி.
ஆ தியோங் வந்தபோது மணி ஆறரை.
கையில் ரசீதுப் புத்தகம், தோளில் சணல் கயிறு,
வாசலில் அவர் பிடித்து வந்த பேச்சா.
ஜெலுத்தோங் நகராட்சி வீட்டு வரிசையில்
ஒரு சன்னல் பாக்கியில்லாமல் பார்த்தது.

அப்பா மலாயில் சொன்னார்:
இன்று சனிக்கிழமை, ராத்திரி தமிழ்ப்படம்.
எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.
முடிந்ததும் தூக்கிக்கொள்ளுங்கள்,
நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

ஆ தியோங் கயிற்றைப் பார்த்தார்.
கூடத்தில் விரித்திருந்த பாய்களைப் பார்த்தார்.
செருப்பைக் கழற்றினார்.
பேச்சாக்காரரும் கழற்றினார்.

முதலில் ஆங்கிலம் பேசும் பொம்மைக் கழுதை
கிணற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.
பிறகு தொழுகை அழைப்பு.
மசூதிக் கோபுரப் படம் அசையாமல் நிற்க
மக் சொம் எழுந்து வீட்டுக்குப் போனார்,
தன் இடத்தில் கைக்குட்டையை வைத்துவிட்டு.

மாண்டரின் செய்தி.
மற்ற நாளில் அது
தைலம்மை அக்கா கடலை உடைக்கும் நேரம்.
இன்று உடைக்கவில்லை. வந்தவர் குனிந்து கேட்கிறார்.
"வெள்ளம்" என்றார் எங்கள் பக்கம் திரும்பி,
"கிளந்தானில். கூரை வரைக்கும்."
கூரையைக் கையால் காட்டினார்.

பத்து நிமிடம் தமிழ்ச் செய்தி.
கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர்
அதே வெள்ளத்தை எங்களுக்கும் தந்தார்,
அரையடி குறைத்து.

மல்யுத்தம்.
பகலெல்லாம் வாய் திறக்காத அம்மா
"காலைப் பிடிடா, காலை!" என்று அலறினாள்.
தோற்றவன் போட்டிருந்தது சிவப்பு என்று
ரொசாரியோ சத்தியம் செய்தான்.
கறுப்பு வெள்ளைப் பெட்டியில்
அவனுக்கு மட்டும் எப்படியோ நிறம் தெரியும்.

படம் தொடங்கியதும் திரை உருண்டது.
அண்ணன் வெளியே கம்பத்தைத் திருகினான்.
"இப்ப?"
"போச்சு!"
"இப்ப?"
"வந்துருச்சு, அப்படியே பிடி!"
அப்படியே பிடித்ததில்
பாதிக் கதை அவனுக்குத் தெரியாது.

"ஏன் அழுகிறாள்?" என்று கேட்டார் ஆ தியோங்.
என் சந்தை மலாயில் சொன்னேன்:
அவள் அண்ணன் சிறையில் இருக்கிறான்,
மாமியாரிடம் மறைத்துவிட்டாள்.
"ஏன் மறைத்தாள்?"
அதற்கு என்னிடம் மலாய் இல்லை.
பால்மாவு விளம்பரம் வந்து காப்பாற்றியது.
பற்பசை. மறுபடியும் பால்மாவு.

கடைசியில் சிறைக்கதவு திறந்து
திரை நிறைய வணக்கம் என்று எழுந்தது.
"என்ன எழுத்து அது?"

"இடைவேளை" என்றேன்.

இருபத்தாறு பேர். ஒருவரும் இருமவில்லை.
அம்மா கோப்பி கலக்க எழுந்து போனாள்.
ஆங்கிலச் செய்தி வந்தது.
பிறகு ஒரு வெள்ளைக்காரர் பியானோ வாசித்தார்,
நாற்பது நிமிடம்.
பேச்சாக்காரர் குறட்டை விட்டார்.
நாங்கள் பியானோவையே பார்த்தோம்,
படத்தின் மிச்சம் அதற்குள் இருப்பதுபோல.

கொடி பறந்தது. தேசியப் பாட்டு.
ஆ தியோங் எழுந்து நின்றார்.
தூங்கும் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
எல்லாரும் நின்றோம்.
அப்பா பித்தானைத் திருகினார்.
நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி,
சுருங்கிச் சுருங்கி...
அதையும் ஒரு நிகழ்ச்சியாக முழுக்கப் பார்த்தோம்.

பெட்டி இன்னும் சூடாக இருந்தது.
அம்மா பின்னல் துணியை மட்டும் உருவிக்கொண்டாள்.
அப்பா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.
பயணி இருக்கையில் ஏற்றி, கயிறு கட்டி,
தூறலுக்குப் பேச்சாவின் கூரையை இழுத்துவிட்டார்.
என்னைத் தேடிப் பார்த்து
"வணக்கம்" என்றார்.

தமிழரிடம் விடைபெறும் வழக்கமா,
எழுத்துக் கூட்டிப் படித்ததா,
தெரியவில்லை. காது இரண்டும் எரிந்தன.

அடுத்த மாதம் லைசென்சு அதிகாரி வந்தார்,
கூரைமேல் கம்பியைப் பார்த்துவிட்டு.
அப்பா உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்:
மேசையில் நான்கு கால் தடம்,
சன்னலில் தொங்கும் வயர்.
கம்பி உண்டு, பெட்டி இல்லை
என்று எழுதிக்கொண்டு போனார்.

காற்றடித்த சனிக்கிழமைகளில்
அண்ணன் வெளியே போய்
கம்பத்தை நேராக்கிவிட்டு வருவான்.
"இப்ப?" என்று மட்டும் கேட்கமாட்டான்.